மதலேனம்மா கரையேற்றிய பீரங்கி

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னவர் கப்பலில் முப்பது வருஷம் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெமிஜியூஸ் அண்ணன். மூன்று வருஷத்துக்கு முன்பு, கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்து இரண்டாம் ஞாயிறு, முதல் பூசை முடிந்து, மழை விடட்டும் என்று கோயில் முகப்பில் நாங்கள் ஒரு பத்துப் பேர் ஒதுங்கி நின்றபோது சொன்னார். மழை விட்ட பிறகும் யாரும் கிளம்பவில்லை. அவர் சொன்னபடிதான் சொல்கிறேன். மறந்துபோன இடங்களை மட்டும் என் மனசுக்குப் பட்டதை வைத்து அடைத்திருக்கிறேன்.

வலம்புரித் தீவு என்று ஒரு நாடு. நாடு என்றால் நாடுதான். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கரையோரமாக நடக்கத் தொடங்கினால் மத்தியானச் சோற்றுக்குப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடலாம் என்றாலும், அதற்கென்று ஒரு கொடி இருந்தது, தபால்தலை இருந்தது, பழைய ஐஸ் பேக்டரிக்குள் கூடுகிற இருபத்தோரு பேர் கொண்ட பாராளுமன்றம் இருந்தது. அந்தக் கட்டடத்தின் தடித்த சுவர்களைத் தாண்டி வெயில் உள்ளே வருவதில்லை என்பதால் உறுப்பினர்கள் சித்திரை மாசத்திலும் கம்பளி போர்த்திக்கொண்டுதான் நாட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தங்குவதற்கென்று கப்பலில் எது வந்தாலும், அது மருமகளாக இருக்கட்டும், பசுமாடாக இருக்கட்டும், தபால்பெட்டியாக இருக்கட்டும், அந்த ஊர்த் தாய் ஒருத்தி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று, அதன் கையைப் பிடித்து, கை இல்லாததற்கு எது கையோ அதைப் பிடித்து, பேர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டு, தன் வீட்டுச் சோற்றில் முதல் கவளத்தை ஊட்டி, பிறகுதான் கரையேற்ற வேண்டும். முன்னோர்கள் வந்து இறங்கிய காலத்தில் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாமல் பாதிப் பேர் வந்த கப்பலிலேயே திரும்பிவிட்டார்களாம். அதிலிருந்து வந்த வழக்கம். ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே மெஷின் வந்தபோது அதிகாரிகள் அவசரப்பட்டு இதைச் செய்யாமல் விட்டார்கள், மெஷின் மூன்றாம் மாசமே படுத்துவிட்டது, ஜனங்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். பேர் வைப்பதற்கு ஒரே ஒரு கட்டுப்பாடு: உயிரோடு இருப்பவர் பேரை வைக்கக் கூடாது, இறந்தவர் பேரை வைக்கலாம். காணாமல் போனவர் பேரைப் பற்றி யாரும் யோசித்ததில்லை, ஏனென்றால் சங்குத்திட்டுத் தகராறு வருவதற்கு முன்பு அந்த நாட்டில் யாரும் காணாமல் போனதில்லை.

சங்குத்திட்டு என்பது வலம்புரிக்கும் பக்கத்து நாடான பெருந்தீவுக்கும் நடுவே கடலுக்கடியில் கிடக்கிற ஒரு மேடு. மீனுக்கு எல்லை தெரியாது, மீனைத் தேடிப் போனவனுக்கு எல்லை தெரிந்தாலும் அதைவிடப் பசி தெரிந்தது. பெருந்தீவின் ரோந்துப் படகுகள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போயின. பலர் அடிபட்டுத் திரும்பினார்கள். ஆறு வருஷத்தில் பத்தொன்பது பேர் திரும்பவில்லை. செத்தார்கள் என்று சொல்ல உடல் வரவில்லை, இருக்கிறார்கள் என்று சொல்லக் கடிதம் வரவில்லை. அப்படி யாரும் எங்களிடம் இல்லை என்ற ஒரே வரிதான் பெருந்தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அந்தப் பத்தொன்பதில் ஒருவன் எஸ்தாக்கி, மதலேனம்மாவுக்கும் வலை பின்னுகிற கஸ்பாருக்கும் ஒரே பிள்ளை, போகும்போது வயசு இருபத்து நாலு.

மதலேனம்மா அதிகம் அழுகிற பெண் இல்லை. மாசத்து முதல் வெள்ளிக்கிழமை பூசை கண்ட கையோடு துறைமுகத்து மூலையில் ஒற்றை அறையாக இருந்த காணாமல் போனோர் பதிவகத்துக்குப் போவாள். அங்கே இன்னாசி என்ற கிளார்க், ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, அவள் மகனுடைய பைலை எடுத்துத் திறந்து, தனக்குத் தெரிந்ததையே மறுபடி படித்துவிட்டு, "இன்னும் இல்லை அக்கா" என்பான். அந்த 'இன்னும்' என்கிற வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து அவள் ஒரு மாசம் ஓட்டிவிடுவாள்.

இந்த நிலையில்தான் அரசாங்கம், பிரசவ வலி கண்ட பெண்களை அக்கரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு படகு வாங்கவேண்டும் என்று வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து, பனி விழுகிற தூர தேசம் ஒன்றிலிருந்து ஒரு பீரங்கி வாங்கியது. பீரங்கியைக் கரையேற்றக் காணாமல் போனவனின் தாய் ஒருத்திதான் வரவேண்டும் என்று கடல் மந்திரி தொம்மை மதலேனம்மாவின் வீட்டுக்கே வந்து கேட்டார். அவரும் பிடிபட்டுப் பதினாலு மாசம் பெருந்தீவுக் கொட்டடியில் கிடந்து, ஒரு தோள் விளங்காமல் திரும்பியவர். "காவலன்" என்று பேரைக் கூட ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மிதவையில் வந்து நின்ற பீரங்கி ஒரு பனைமர நீளம் இருந்தது. பச்சை வர்ணமும் புரியாத எழுத்தும் பூசிக்கொண்டு, பிறந்த இடத்துக் குளிர் இன்னும் உடம்பில் மிச்சமிருக்க, எங்கே வந்திருக்கிறோம் என்று தெரியாத பிள்ளையைப்போல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. மதலேனம்மா தண்ணீருக்குள் இறங்கி அதன் குழாயைப் பிடித்தாள். அந்த ஜில்லிப்பு உள்ளங்கையில் ஏறியதும், கடலில் நனைந்து விறைத்து வந்து அடுப்படியில் கையை நீட்டுகிற மகனுடைய விரல்கள் நினைவுக்கு வந்துவிட்டன. துண்டுத்தாள் இடுப்பிலேயே அலை அடித்து நனைந்துபோயிற்று. அவள் நாக்கு "எஸ்தாக்கி" என்றது. நிறுத்த நினைத்தாள், ஆனால் கரையில் நின்ற மொத்த நாடும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதால் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் அப்படியே கூப்பிட்டு, அதன் வாய் எதுவென்று சிப்பாய் காட்டிய இடத்தில் சாளைமீன் குழம்பு ஊற்றிப் பிசைந்த கவளத்தை வைத்தாள். வழக்கம் முடிந்தது. பேண்டு வாசித்தார்கள்.

மறுநாள் மத்தியானம், கோயில் மணி பன்னிரண்டு அடித்ததும், குன்றின்மேல் கடலைப் பார்த்து நிறுத்தப்பட்டிருந்த பீரங்கி தானாகத் திரும்பி, மதலேனம்மாவின் வீட்டு அடுப்படியைப் பார்த்துக்கொண்டு நின்றது. முதல் நாள் காற்று என்று எழுதினார்கள், இரண்டாம் நாள் பல்சக்கரத்தில் கோளாறு என்று எழுதினார்கள், மூன்றாம் நாள் பீரங்கிக்குப் பொறுப்பான சார்ஜன் பெலிக்ஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவள் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. எண்ணெய் ஊத்தினா துப்புதான். உள்ள எல்லாம் வறண்டு கிடக்கு. சாப்பாடு கேக்கானோன்னு ஒரு இது."

"மணி பன்னிரண்டுக்கா பாக்கான்?"

"டாண்ணு பன்னிரண்டுக்கு."

"அவன் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மதலேனம்மா உலை வைத்தாள்.

குண்டு போடுகிற கதவைத் திறந்து சோற்றை உள்ளே வைத்து மூடினால், கால்மணி நேரம் கழித்துத் திறக்கும்போது தட்டு கழுவியதுபோல் இருந்தது. கருவாட்டுத் தலை என்றால் இன்னும் கேட்டது, பாகற்காய் வைத்த அன்று அப்படியே இருந்தது, எஸ்தாக்கிக்கும் பாகற்காய் ஆகாது. ஆச்சரியப்பட வேண்டியவர்கள் ஒரு வாரம் ஆச்சரியப்பட்டார்கள், அதற்குப் பிறகு தீவு அதைத் தன் அன்றாடத்துக்குள் எடுத்துக்கொண்டது. ரேஷன் கடைக்காரர் கேட்காமலேயே கார்டில் ஒரு பெரியவருக்கு அரிசி கூட்டினார். கால்பந்து டீமில், ஓட முடியாதவன் என்றாலும் பழைய ஆள் என்பதால், பன்னிரண்டாவது ஆளாகப் பேரைச் சேர்த்தார்கள். சிப்பாய்கள் துடைக்கும்போது "தம்பி, கொஞ்சம் தலையைத் தூக்கு" என்றால் தூக்கியது. பீரங்கிக்குக் குளிர்காற்றில் குழாயின் முனை ஒழுகத் தொடங்கியபோது பங்குச்சாமியார் ஒரு நாள் முழுக்க யோசித்து, ஞானஸ்நானம் கொடுப்பதற்குத் திருச்சபையில் இடமில்லை, ஆனால் தொண்டை என்று ஒன்று இருப்பதால் தொண்டை நோய்க்குக் காவலரான புனித பிளேசியார் திருநாளில் தொண்டைக்கு ஆசீர்வாதம் கொடுக்கத் தடையில்லை என்று முடிவு பண்ணி, குன்றேறிப் போய் இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காக அதன் கழுத்தில் வைத்து ஜெபித்துவிட்டு வந்தார். ஒழுகல் நின்றது. கல்யாணத் தரகர் ஒருவர்கூட, பெண் பிள்ளை பேரில் பீரங்கி ஏதாவது வந்தால் தன்னை மறந்துவிட வேண்டாம் என்று சொல்லி வைத்தார்.

கஸ்பாருக்குத்தான் பெரிய மாற்றம். மகன் போன நாளிலிருந்து வாய் திறக்காமல் வலையைப் பார்த்துக் குனிந்திருந்த மனுஷன், சாயங்காலமானால் குன்றேறிப் போய்ப் பீரங்கியின் நிழலில் உட்கார்ந்து, அன்றைக்கு எந்தக் கண்ணி அறுந்தது, எந்தப் படகுக்காரன் ஏமாற்றினான் என்றெல்லாம் பேசிவிட்டு வந்து, சாப்பிட்டு, நன்றாகத் தூங்கினார். இன்னொன்றையும் சொல்லவேண்டும், மறைக்கக் கூடாது. பீரங்கி வந்த பிறகு பெருந்தீவுப் படகுகள் சங்குத்திட்டுப் பக்கம் வரவில்லை. பதினொரு மாசம் ஒரு ஆளையும் யாரும் தொடவில்லை. போனவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அப்படித் திரும்பியவர்களின் பெண்சாதிகள் குன்றைக் கடக்கும்போது பீரங்கியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

மதலேனம்மாவும் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஒரு நாள் மத்தியானம், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பாயில் சாய்ந்தவள், மகன் தன்னை எப்படிக் கூப்பிடுவான் என்று சும்மா நினைத்துப் பார்த்தாள். அம்மா என்பானா, அம்மோய் என்று இழுப்பானா. அந்தக் குரலைக் காதுக்குள் தேடினாள். பல்சக்கரம் திரும்புகிற கிறீச் சத்தம்தான் வந்தது. மறுபடி தேடினாள், மறுபடி கிறீச். எழுந்து உட்கார்ந்தாள். காலண்டரைப் பார்த்தாள். எத்தனை முதல் வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டோம் என்று விரல் மடக்கினால், ஒரு கை தாண்டி, இரண்டாவது கையும் நிறைந்துவிட்டது.

அன்றைக்கே பதிவகத்துக்குப் போனாள். இன்னாசி எழுந்து நின்றான், ஆனால் பைலை எடுக்கவில்லை.

"என்ன அக்கா இந்தப் பக்கம்?"

"மகனைப் பத்தி ஏதாவது?"

"காலையில பாத்தேனே. நல்லா இருக்கான். வர்ணம் அடிச்சிருக்காங்க."

"இன்னாசி, நான் என் மகனைக் கேக்குதேன்."

அவன் பொய் பேசுகிறவன் இல்லை, இரக்கமில்லாதவனும் இல்லை. நிஜமாகவே அவனுக்கு விளங்கவில்லை. "அவன்தான் வந்துட்டானே அக்கா. நீங்கதானே கரையேத்தினீங்க. திரும்பி வந்தார்னு எழுதி பைலை மேல அனுப்பி ரொம்ப நாளாச்சு. இப்போ அது பாதுகாப்பு இலாகாவுல இருக்கும், எண்ணெய், உதிரிச் சாமான் கணக்கோட."

அவள் வழியில் எஸ்தாக்கியோடு ஒரே படகில் போய் நீந்தித் தப்பித்து வந்த கூட்டாளியின் வீட்டில் நின்று, "மக்கா, கடைசியா அவன் உன்கிட்ட என்ன சொன்னான், இன்னொரு தடவை சொல்லு" என்று கேட்டாள். அவனுக்கு அது ஆயிரம் தடவை சொன்ன பதில். ஆனால் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, "நேத்து சாயங்காலம் ஒரு மாதிரி உறுமினான் பெரியம்மா, அதைச் சொல்லுதீங்களா?" என்றான்.

அப்போதுதான் மதலேனம்மாவுக்குப் புரிந்தது. உயிரோடு இருப்பவர் பேரை ஏன் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள் என்பதும் புரிந்தது. ஒரு பேருக்குள் இரண்டு பேர் உட்கார முடியாது. பெருந்தீவுக்காரன் உடம்பைத்தான் கொண்டுபோயிருந்தான், மிச்சத்தைத் தன் கையாலேயே சோறு வைத்துப் பீரங்கிக்குக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது துறைமுகத்து உப்பு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

அதே வாரத்தில்தான் ஐஸ் பேக்டரியில் அந்தப் பெரிய விவாதம் வந்தது. இன்னும் பதினெட்டுப் பீரங்கி வாங்குவதா வேண்டாமா என்பது கேள்வி. காணாமல் போன மிச்சப் பதினெட்டுப் பேரின் பேரையும் அவற்றுக்கு வைப்பது என்பது மந்திரியின் யோசனை. பேர் வைக்க வேண்டிய பதினெட்டுத் தாய்மாரும் கம்பளி போர்த்திக்கொண்டு பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மதலேனம்மாவும் ஒரு ஓரமாக உட்கார்ந்தாள்.

தொம்மை எழுந்து, தூக்க முடியாத கையை மற்றக் கையால் தூக்கிக் காட்டினார். "நான் சும்மா பேசலை. அறுபத்தெட்டுக் கடிதம் எழுதினோம், எல்லாத்துக்கும் அதே ஒத்தை வரிதான் பதில். ஒரே ஒரு பீரங்கி வெச்சோம், பதினொரு மாசமா ஒருத்தனையும் தொடலை. எந்தப் பாஷை அவங்களுக்குப் புரிஞ்சுதுன்னு நீங்களே சொல்லுங்க."

எதிர் வரிசையில் ஜெனோவா டீச்சர் எழுந்தார். தீவில் பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். "மந்திரி சொல்றது பொய் இல்லை. ஆனா இந்த வருஷம் மட்டும் நாலு பெண்கள் பிரசவத்துல படகுக்குக் காத்திருந்து செத்துப்போனாங்க. அவங்களை எந்தப் பெருந்தீவுக்காரனும் கொண்டு போகலை. வாங்காத படகுதான் கொண்டு போச்சு. இன்னொண்ணு, நமக்குப் பீரங்கி கொண்டு வந்த அதே கப்பல், இங்க ஒண்ணை இறக்கிட்டு நேரா அங்க போய் ரெண்டை இறக்கியிருக்கு."

"அதுக்குத்தான் டீச்சர் பதினெட்டு கேக்குதோம்."

"அப்போ அவங்க முப்பத்தாறு வாங்குவாங்க. வாய்ப்பாடு நான்தானே உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

சபை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் பெஞ்சிலிருந்து பவுலினா எழுந்துவிட்டாள். அவள் மகன்தான் முதன்முதலில் போனவன், ஆறு வருஷம் ஆயிற்று. "டீச்சர், உங்க பிள்ளைங்க ராத்திரி வீட்டுல வந்து படுக்குதாங்க. நான் ஆறு வருஷமா ஒரு தட்டை வெச்சுட்டு எடுத்துட்டு இருக்கேன். பீரங்கி வாங்குங்க. எனக்கு அவன் யாரைச் சுட்டா என்ன, சுடாட்டி என்ன. மதலேன் மகன் மாதிரி மணி பன்னிரண்டுக்கு என் வீட்டைப் பாத்துத் திரும்பினாப் போதும்." மற்றத் தாய்மார் பதினேழு பேரும் தலையாட்டினார்கள். ஜெனோவா டீச்சர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பீரங்கி வேண்டாம் என்று தாய்மார்தான் சொல்லுவார்கள் என்று நினைத்திருந்தார் பாவம்.

சபாநாயகர், கரையேற்றிய தாய் என்ற முறையில் மதலேனம்மாவைப் பேசச் சொன்னார். அவள் அந்தக் குளிரில் கம்பளியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அவன் நல்ல பிள்ளை" என்றாள். "வெச்சதைச் சாப்பிடுதான். அவங்க அப்பாவுக்கு ஆறுதலா இருக்கான். அவன் வந்ததுல இருந்து கடலுக்குப் போனவங்க திரும்பி வாராங்க, அதையும் நான் இல்லைன்னு சொல்லலை. எத்தனை வாங்கணும்னு எனக்குச் சொல்லத் தெரியாது, அதுக்கு நீங்க இருக்கீங்க. ஆனா அவன் வந்த நாள்ல இருந்து என் மகனை யாரும் தேடலை. பைலை மூடிட்டாங்க. கூட்டாளி மறந்துட்டான். யாரைத் தேடுதேன்னு கேட்டா குன்றைக் கைகாட்டுதாங்க. மத்தவங்களை ஏன் சொல்லணும், நானே பதினொரு மாசமாத் தேடலை. பெத்தவளுக்கே குரல் மறந்துபோச்சு. அவன் எங்கேயோ ஒரு கொட்டடியில உக்காந்து, எங்க அம்மா இன்னைக்கும் கேட்டிருப்பான்னு நினைச்சிருந்தா, அவனுக்கு நான் என்ன சொல்லுவேன்?"

"உனக்குக் கெடைச்சிடுச்சு" என்றாள் பவுலினா. "வயிறு நிறைஞ்சவ பேச்சு இது. எங்களை மட்டும் வெறுங்கையோட இருக்கச் சொல்லுதியா?"

"இல்லை பவுலி. நானும் நாளைக்கு வெறுங்கையோட வாரேன்" என்றாள் மதலேனம்மா.

அதற்கு அர்த்தம் என்னவென்று அங்கே எல்லாருக்கும் தெரியும். கரையேற்றிய ஒன்றை விடுவிக்க ஒரு முறை இருந்தது. பேர் வைத்தவளே சோற்றோடு போய், பேரைச் சொல்லாமல், வழிப்போக்கரைக் கேட்பதுபோல் நீங்கள் யார், எந்த ஊர் என்று மூன்று தடவை கேட்க வேண்டும். கேட்பது சுலபம். ஆனாலும் அந்த நாட்டில் யாரும், மலட்டுப் பசுவிடம்கூட, அதைக் கேட்டதில்லை. விவாதத்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்தார்கள்.

காலையில் அவள் மீன் கழுவும்போது கஸ்பார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

"அவன் என்ன தப்பு செஞ்சான் மதலேன்?"

"ஒண்ணும் செய்யலை."

"அப்புறம்?"

"மகன் உக்காந்த இடத்துல நான்தானே அவனைத் தூக்கி உக்கார வெச்சேன். நானே எழுப்புதேன்."

"எனக்குப் பேச வேற ஆள் இல்லையேம்மா."

அவள் கை நின்றது. "என்கிட்டப் பேசுங்க" என்றாள். "நானும் யார்கிட்டயும் பேசலை." அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தண்ணீர்ச் செம்பைத் தான் எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு நாடே குன்றடியில் நின்றது. கோயில் மணி அடித்ததும் பீரங்கி வழக்கம்போல் திரும்பியது. இன்றைக்கு அடுப்படிக்குப் பதிலாக அவளே எதிரில் நிற்பதைக் கண்டு, சந்தோஷப்பட்ட பிள்ளையைப்போல் குழாயை நன்றாகத் தாழ்த்தியது. மதலேனம்மா சோற்றுத் தட்டை அதன் வாய்க்குள் வைத்துக் கதவை மூடிவிட்டு, கையை எடுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, "நீங்க யாருய்யா? எந்த ஊர்?" என்றாள்.

பீரங்கி இன்னும் தாழ்ந்து அவள் நெற்றிவரை வந்தது. காய்ச்சல் பார்ப்பதற்குக் கை வைப்பதுபோல் இருந்தது என்று பிறகு சொன்னாளாம். அவள் நகரவில்லை. "நீங்க யாருய்யா? எந்த ஊர்?" என்று இரண்டாம் தடவை கேட்டபோது அது மெதுவாகக் கஸ்பார் பக்கம் திரும்பியது. கஸ்பார் செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார், தோள்கள் மட்டும் குலுங்கின. மூன்றாம் தடவை கேட்பதற்கு முன் ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னாள். நடுவில் தடுமாறி நின்றபோது கூட்டத்தில் யாரோ அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள், திரும்பிப் பார்த்தால் பவுலினா. ஜெபத்தை முடித்து மூன்றாம் தடவையும் கேட்டாள்.

குழாய் நிமிர்ந்தது. பல்சக்கரம் ஒரு தடவை கிறீச்சிட்டு, பனி தேசத்துக்காரர்கள் முதல் நாள் நிறுத்திவிட்டுப்போன திசைக்கே திரும்பி, அங்கேயே நின்றுவிட்டது. சார்ஜன் பெலிக்ஸ் போய்க் கதவைத் திறந்து பார்த்தான். சோறு அப்படியே இருந்தது. ஆவி கூடப் போகவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி எடுத்துவந்து கஸ்பாரிடம் கொடுத்தான்.

அதற்கப்புறம் பாராளுமன்றம் எத்தனை பீரங்கி வாங்கியது என்பதை ரெமிஜியூஸ் அண்ணன் ஒரு மாதிரி சொன்னார், அவரோடு கப்பலில் இருந்தவர் ஒருவர் வேறு மாதிரி சொன்னாராம். நாலு என்றும் சொல்லுகிறார்கள், இன்னும் விவாதம் முடியவில்லை, கம்பளிதான் கிழிந்துகொண்டிருக்கிறது என்றும் சொல்லுகிறார்கள். பெருந்தீவுப் படகுகள் மறுபடி சங்குத்திட்டுக்கு வந்தனவா என்று கேட்டேன். ஒரு தடவை வந்ததாகவும், குன்றிலிருந்த இரும்பைச் சிப்பாய்கள் புத்தகத்தைப் பார்த்து முறைப்படி திருப்பியதும் போய்விட்டதாகவும் சொன்னார். அதனால் பயம் ஒன்றும் தீரவில்லை, படகுக்குக் காத்திருக்கிற கர்ப்பிணிகளின் பயமும் தீரவில்லை. ஆனால் பிறகு வந்த எந்த ஆயுதத்துக்கும் எந்தத் தாயும் பேர் கொடுக்கவில்லை. நம்பர் போட்டு இறக்கினார்கள். பவுலினா தன் மகன் பேரைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

மதலேனம்மாவுக்கு அடுத்த ஒரு மாசம் வீடு காலியாக இருந்தது. மத்தியானச் சோறு இரண்டு பேருக்குத்தான் வடித்தாள். பிறகு ஒரு நாள் சந்தைக்குப் போவதற்காகத் தீவைச் சுற்றி ஓடுகிற பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். கண்டக்டர் சீட்டுக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்தவர், திரும்பி வந்து, தலையைச் சொறிந்துகொண்டு, "எக்கா, மகனைப் பத்தி எதாவது தகவல் உண்டா?" என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்டக்டரின் பார்வை குன்றுப் பக்கம் போகவில்லை, கடல் பக்கம் போயிருந்தது.

"ஒண்ணும் இல்லை தம்பி" என்றாள்.

"என் கல்யாணத்துல பந்தி பரிமாறினது அவன்தானே. உப்பு மேல உப்பு வெச்சுட்டுப் போனான். 'அம்மோய், இந்த ஆளுக்கு உப்பு பத்தலையாம்'னு உங்களைக் கூப்பிட்டுக் கேலி பண்ணினானே, ஞாபகம் இருக்கா?"

முன் சீட்டுக்காரி திரும்பி, அவன் தன் வீட்டுக் கூரை ஏறி ஓடு மாற்றிக் கொடுத்ததைச் சொன்னாள். இன்னொருவர் அவன் நீச்சலைச் சொன்னார். டிரைவர் வண்டியை மெதுவாக்கிக்கொண்டு தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். அம்மோய் என்றுதான் கூப்பிடுவான், அம்மோய் என்றுதான் இழுப்பான் என்று மதலேனம்மா தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். பிறகு அவளும் சொல்லத் தொடங்கினாள். சந்தை வந்தது, யாரும் இறங்கவில்லை, டிரைவரும் நிறுத்தவில்லை. அந்த பஸ் அன்றைக்கு மூன்று சுற்றுச் சுற்றியது.

கேட்டுக்கொண்டிருந்த உங்களிடம் ஒன்றே ஒன்று. உங்கள் ஊரில் பிள்ளை வராத வீடு ஏதாவது இருந்தால், அந்தத் தாயைப் பார்க்கும்போது தகவல் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.